அச்சில் பளிச்சென்று இருந்த பத்திரிகை போனில் ஏன் கலங்குகிறது?

தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் உதவும். திருமங்கலம் பக்கம் ஒரு காதணி விழா. ஏ4 பத்திரிகையை, பக்கம் வடிவமைக்கிற மென்பொருளான இன்டிசைனில் செய்து கொடுத்திருக்கிறார். சிவகாசியில் ஆப்செட்டில் அடித்து வந்தது அருமையாக இருக்கிறது. அதே பக்கத்தை ஜேபெக்காக எடுத்து வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டால் எழுத்து கலங்குகிறது, சிவப்பு அழுக்காகிறது, நிறம் செத்துப்போகிறது, மாமாவின் போன் நம்பர் படிக்க முடியவில்லை. ரெசல்யூஷன் 300 வைத்தும் இப்படி. 600 வைத்தால் சரியாகுமா?

ஆகாது. இன்னும் மோசமாகக்கூட ஆகலாம்.

300 பிபிஐ என்பது ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கு. காகிதத்தில் அங்குலம் உண்டு, போனில் அது கிடையாது. வாட்ஸப்புக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ உங்கள் ஃபைலில் 72 என்று எழுதியிருக்கிறதா 300 என்று எழுதியிருக்கிறதா என்பது தெரியவும் தெரியாது, அதைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை. அகலம் எத்தனை பிக்சல், உயரம் எத்தனை பிக்சல், அவ்வளவுதான் பார்க்கும். ஏ4-ஐ 300-இல் எடுத்தால் 2480 × 3508 பிக்சல் வருகிறது. 600-இல் எடுத்தால் 4960 × 7016. வாட்ஸப்பில் சாதாரணமாகப் போட்டோ என்று அனுப்பினால் நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்கு இறக்கிவிடும். அப்போது நீங்கள் 300-இல் எடுத்ததும் 600-இல் எடுத்ததும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: ஏறக்குறைய 1131 × 1600. சுருக்கும் வேலையை வாட்ஸப் அவசர அவசரமாகச் செய்கிறது, போட்டோஷாப்பில் நீங்கள் நிதானமாகச் செய்கிற மாதிரி இல்லை. எவ்வளவு பெரிதாகக் கொடுக்கிறீர்களோ அவ்வளவு முரட்டுத்தனமாக நசுங்கும்.

இப்போது அந்த 1600-க்குள் உங்கள் எழுத்து என்ன ஆகிறது என்று பாருங்கள். பாயின்ட் என்பது எழுத்தளவின் அலகு, அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. ஏ4-இன் உயரம் 842 பாயின்ட். 1600-ஐ 842-ஆல் வகுத்தால் ஒரு பாயின்டுக்கு இரண்டு பிக்சல்கூட இல்லை, 1.9தான். அழைப்போர் பட்டியலை 9 பாயின்டில் போட்டிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம், இல்லாவிட்டால் இடம் பத்தாது. அந்த 9 பாயின்ட் இங்கே 17 பிக்சல். அதிலும் எழுத்தின் உடம்பு அதில் பாதி அளவுதான், மிச்சம் மேலே இகரக் கொக்கிக்கும் கீழே உகரச் சுழிக்கும் விட்ட இடம். புள்ளிக்குக் கிடைப்பது இரண்டு பிக்சல். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் அந்த அளவில் ஒன்றுதான், சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுத்து கொஞ்சம் கலங்கினாலும் வார்த்தையின் வடிவத்தை வைத்துப் படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் பெயரே மாறிவிடுகிறது, சம்பந்தி வீட்டுப் பெயரில் அப்படி ஒரு புள்ளி போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. போன் திரையின் அகலம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம். ஏ4 அகலம் 21. அதாவது நீங்கள் எவ்வளவு சுத்தமாக எக்ஸ்போர்ட் செய்தாலும், விரலால் விரித்துப் பார்க்காதவரை, 9 பாயின்ட் எழுத்து கண்ணுக்கு 3 பாயின்டாகத்தான் தெரியும். மருந்துச் சீட்டின் பின்பக்கம் மாதிரி. இது கலங்கல் இல்லை, சிறுத்துப்போனது. இரண்டும் வேறு வேறு நோய், ஆனால் கஸ்டமர் இரண்டையும் ‘கிளியரா இல்லண்ணே’ என்று ஒரே வார்த்தையில்தான் சொல்வார்.

அதனால் நான் பல வருஷமாகச் செய்வது இதுதான்: அச்சுப் பக்கத்திலிருந்து போன் படத்தை எடுப்பதில்லை. போனுக்கென்று தனிப் பக்கம் போடுகிறேன். இரட்டை வேலை என்று தோன்றும். ஒரு மணி நேரம் ஆகும், அதற்குத் தனியாகக் காசு கேட்கலாம், கேளுங்கள்.

இன்டிசைனில் புது டாக்குமென்ட் திறக்கும்போது மேலே வெப் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் அளவு பிக்சலுக்கு மாறிவிடும், நிறமும் ஆர்ஜிபி, அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கணக்கு, ஆகிவிடும். 1080 × 1350 என்று போடுங்கள். இன்ஸ்டாகிராமில் நாலுக்கு ஐந்து என்ற விகிதம், வாட்ஸப்பின் 1600-க்கும் உள்ளேயே இருப்பதால் அங்கேயும் அளவு குறையாது. நிறையப் பேர் ஸ்டேட்டஸுக்கும் சேர்த்து ஒரே வேலையாக 1080 × 1920 போட்டு அதையே வாட்ஸப்பில் போட்டோவாகவும் அனுப்புகிறார்கள். அது 900 × 1600 ஆகச் சுருங்கித்தான் போகும். ஸ்டேட்டஸுக்கும் ஸ்டோரிக்கும் மட்டும் 1920 வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் 2048 பிக்சல் வரை அகலம் ஏற்றுக்கொள்ளும் என்றாலும் அதே 1080 போதும். ஒரே டாக்குமென்டுக்குள்ளேயே இரண்டு அளவும் வேண்டுமென்றால் பேஜஸ் பேனலில் ஆல்டர்னேட் லேஅவுட் இருக்கிறது, அதில் இன்னொரு அளவு சேர்த்துக்கொள்ளலாம், எழுத்தைத் திருத்தும்போது இரண்டு ஃபைலில் தேட வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் ஒரு பாயின்டும் ஒரு பிக்சலும் சமம். 36 என்று எழுத்தளவு வைத்தால் 36 பிக்சல். 1080 அகலத்தில் 36-க்குக் கீழே நான் இறங்குவதில்லை, 40 இருந்தால் நிம்மதி. அது போனில் கிட்டத்தட்ட 7 பாயின்ட் எழுத்தாகத் தெரியும், அறுபது வயதுக்காரர் கண்ணாடி போட்டால் படிக்கலாம். மெல்லிய எழுத்துரு வேண்டாம், ஒரு படி தடித்ததாக எடுங்கள், ஆனால் ரொம்பத் தடித்தால் மறுபடி சுழி அடைத்துக்கொள்ளும். யூனிகோட் தமிழில் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நின்றால், பாராகிராஃப் பேனலின் மெனுவில் வேர்ல்டு-ரெடி கம்போசருக்கு மாற்றவில்லை என்று அர்த்தம்.

இங்கேதான் நம்ம ஊர்ப் பிரச்சினை வருகிறது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் காதணி விழாப் பத்திரிகை என்றால் தலைகள். தாய்மாமன்கள், பங்காளிகள், கட்சிக்காரர்கள் என்று ஐம்பது அறுபது தலை, ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், பெயருக்கு முன்னால் பட்டம். 1080 பிக்சலில் வரிசைக்குப் பன்னிரண்டு தலை வைத்தால் ஒரு தலைக்கு 90 பிக்சல். முகம் தெரியும், அதில் ஒன்றும் குறை இல்லை. பெயர்? 90 பிக்சல் அகலத்துக்குள் ஒரு முழுப் பெயர் அடைய வேண்டுமென்றால் எழுத்து 12, 13 பிக்சலுக்குப் போய்விடும், அது எழுத்தே இல்லை. எந்த எக்ஸ்போர்ட் செட்டிங்கும் இதைக் காப்பாற்றாது. படத்தைப் பிரிக்கத்தான் வேண்டும். முதல் படத்தில் குழந்தைகள் பெயர், தேதி, நேரம், மண்டபம், தாய்மாமன் மட்டும் பெரிதாக. அடுத்த இரண்டு மூன்று படங்களில் மற்ற தலைகள், வரிசைக்கு நாலு. இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவில் வரிசையாகத் தள்ளிப் பார்க்கலாம், வாட்ஸப்பில் கொத்தாகப் போகும். யார் முதல் படத்தில், யார் மூன்றாவதில் என்பதைக் கஸ்டமரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் முடிவு செய்தால் தொலைந்தீர்கள்.

சரி, எக்ஸ்போர்ட். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், ஜேபெக். அந்தப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேஜஸ், ஸ்ப்ரெட்ஸ் என்று இரண்டு இருக்கும், பேஜஸ் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கம் ஒட்டி ஒரே படமாக வந்து ஆளுக்குப் பாதி பிக்சல்தான் கிடைக்கும். குவாலிட்டி மேக்ஸிமம். ரெசல்யூஷன் 72 வைத்தால் சரியாக 1080 வரும், ஆமாம், இங்கே 72 தப்பே இல்லை. ஆனால் நான் 144 வைத்து 2160 × 2700-ஆக எடுத்து, போட்டோஷாப்பில் பாதியாகக் குறைக்கிறேன். இன்டிசைன் எழுத்தை நன்றாக எடுக்கும், பெரிய போட்டோவை ஒரேயடியாகச் சின்னதாக்கும்போது ஓரங்கள் சில நேரம் பல் பல்லாக வரும். போட்டோஷாப்பில் குறைத்தால் அது அடங்கிவிடுகிறது. கலர் ஸ்பேஸ் ஆர்ஜிபி. எம்பெட் கலர் புரொஃபைல் டிக் இருக்கட்டும், எடிட் மெனுவில் கலர் செட்டிங்ஸ் போய் ஆர்ஜிபி வொர்க்கிங் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான நிற அளவுகோல்) என்று இருக்கிறதா ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆன்டி-அலியாஸ் டிக் அவசியம், அது இல்லாவிட்டால் சுழிகள் எல்லாம் படிக்கட்டு மாதிரி நிற்கும். டாக்குமென்ட் ப்ளீட் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெட்டுப்பகுதியும் சேர்ந்து வந்து அளவு மாறும்.

போட்டோக்களில் மட்டும் கலங்கல், எழுத்து சுத்தமாக இருக்கிறது என்றால் லிங்க்ஸ் பேனலைத் திறங்கள். சிவப்புக் கேள்விக்குறி இருந்தால் மூலப்படம் இருந்த இடத்தில் இல்லை, பென்டிரைவோடு போயிருக்கும். அப்போது இன்டிசைன் திரையில் காட்டுவதற்காக வைத்திருந்த சின்ன நகலையே எடுத்து அனுப்பும். லிங்க் சரியாக இருந்தும் கலங்கினால் அதே பேனலில் எஃபெக்டிவ் பிபிஐ, அதாவது படத்தை இழுத்த பிறகு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் மிஞ்சுகிறது என்பதை, பாருங்கள். கஸ்டமர் வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோவை நாலு மடங்கு இழுத்திருப்பீர்கள். அவரிடம் போட்டோவை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். என்னிடம் வருகிற பாதிப் புகார் இதில்தான் போய் முடிகிறது.

இப்போது சிவப்பு. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதற்கு முன்னால் இன்னொன்று செய்கிறது: வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பெரும்பாலும் நாலு பிக்சலுக்கு ஒன்று என்று குறைத்துவிடுகிறது. மனிதக் கண் நிறத்தின் விளிம்பை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது, வெளிச்சத்தின் விளிம்பைத்தான் பார்க்கும் என்ற கணக்கில். போட்டோவில் இது தெரியவே தெரியாது. எழுத்தில் தெரியும். மஞ்சள் மேல் சிவப்பு எழுத்து என்றால் இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் நிறைய, அதனால் படிக்கலாம், ஆனால் விளிம்பில் அழுக்கு ஒட்டியது மாதிரி இருக்கும். அதே சிவப்பை நடுத்தரப் பச்சை மேலோ கறுப்பு மேலோ வைத்தால் வெளிச்சத்தில் வித்தியாசம் குறைவு, நிறத்தில்தான் வித்தியாசம், அந்த நிறத்தையே நாலில் மூன்று பங்கு தூக்கிப் போட்டாகிவிட்டது. மிச்சம் என்ன இருக்கும்?

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். சித்திரைத் திருவிழா நேரம், அன்னதானத்துக்கு ஒரு படம் கேட்டார்கள். அழகர் பச்சைப்பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிற ஊர், பட்டையைப் பச்சையாகவே போடுவோம் என்று அடியில் பச்சைப் பட்டை, அதன் மேல் சிவப்பில் போன் நம்பர், பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாட்ஸப்பில் போய் வந்தபோது ஒரு 3, 8 ஆகத் தெரிந்திருக்கிறது. சம்பந்தமில்லாத யாரோ ஒருவருக்கு இரண்டு நாள் முழுக்க, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று போன் போயிருக்கிறது. அவர் கடைசியில் அந்தக் கமிட்டிக்காரரைக் கண்டுபிடித்துத் திட்டி, கமிட்டிக்காரர் என்னைத் திட்டி. அதிலிருந்து நம்பரை வெள்ளை மேல் கறுப்பு, இல்லாவிட்டால் அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளை, வேறு எதுவும் கிடையாது. மஞ்சள்தான் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் சிவப்பைக் கொஞ்சம் கருக்கி அரக்கு ஆக்கிவிடுகிறேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

பின்னணியில் கோபுரம் வைக்கிற பழக்கத்தையும் கொஞ்சம் விடுங்கள். மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் சுதைச் சிற்பங்கள். அத்தனை கை, அத்தனை கால், அத்தனை ஆயுதம், எல்லாம் பொடி விவரம். அதை இருபது சதவீதம் வெளுத்து எழுத்துக்குப் பின்னால் வைத்தாலும் அந்த விவரம் அங்கேயேதான் இருக்கிறது. வாட்ஸப் ஒரு படத்துக்குக் கொடுக்கிற கொஞ்ச இடத்தில் பெரும்பகுதியை அந்தக் கோபுரமே தின்றுவிடும், எழுத்துக்கு மிச்சம் இருக்காது. கோபுரம் கட்டாயம் வேண்டுமென்றால் மேலே தனியாக, முழு நிறத்தில், எழுத்து படாமல். எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறம். எழுத்து தெளிவாக வருவதற்கு எந்த எக்ஸ்போர்ட் செட்டிங்கைவிடவும் இது அதிகம் உதவும் என்பது என் அனுபவம்.

நிறம் செத்துப்போய் வருகிறது என்று நீங்கள் சொன்னதற்கு வேறு காரணம். அச்சு ஃபைல் சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மையின் நாலு நிறக் கணக்கு. அதில் பச்சையும் ஆரஞ்சும் மையில் வருகிற அளவுக்கு ஏற்கெனவே அடங்கியவை, பிறகு ஆர்ஜிபியாக எடுத்தாலும் பழைய பளபளப்பு திரும்பாது. தவிர நிழல், ஒளிவட்டம் எல்லாம் போட்டிருந்தால் எடிட் மெனுவில் டிரான்ஸ்பரன்சி பிளெண்ட் ஸ்பேஸ் என்பதை டாக்குமென்ட் ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள், அது சிஎம்ஒய்கேயில் இருந்தால் ஆர்ஜிபி போட்டோவைக்கூட ஒரு தடவை மையில் முக்கித்தான் எடுக்கும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் பிரிஃபரன்ஸஸில் அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக் என்ற இடத்தில், எக்ஸ்போர்ட்டுக்கு எல்லாக் கறுப்பையும் ரிச் பிளாக்காக, அதாவது முழு அடர்ந்த கறுப்பாக, எடுக்கச் சொல்லுங்கள். கலர் ஸ்பேஸில் சிஎம்ஒய்கே என்றே வைத்து ஜேபெக் எடுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அது ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு நிறமாகத் தெரியும்.

பிஎன்ஜி எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எழுத்துக்கு பிஎன்ஜி நல்லதுதான், எதையும் தூக்கிப் போடாது. ஆனால் வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் அது ஜேபெக்காக மாறித்தான் போகும், இன்ஸ்டாகிராமிலும் அப்படியே. கெடுதல் இல்லை, ஒரு தடவை சுருங்குவது மிச்சம். நான் கடைசி ஃபைலை பிஎன்ஜியாக வைத்துக்கொள்வதும் அதனால்தான்.

அச்சுப் பக்கத்தையே எடுத்துத் தீர வேண்டிய நிலை என்றால், உதாரணமாக ஏ5 நோட்டீஸ், எழுத்தும் பெரிது, அதற்கு மறுபடி பக்கம் போட நேரம் இல்லை. அகலம் 148 மில்லிமீட்டர். ரெசல்யூஷன் கட்டத்தில் 371 என்று நீங்களே தட்டினால் 2160-ஐ ஒட்டி வரும், பிறகு பாதியாக்கிக்கொள்ளலாம். ஓரத்தில் ஒரு பிக்சல் வெள்ளைக்கோடு நின்றால் பயப்பட வேண்டாம், மில்லிமீட்டர் பிக்சலில் முழுசாக வகுபடாததால் வருவது, வெட்டிவிடுங்கள். கால் பாயின்ட் கோடுகள் காணாமல் போகும், அவற்றை ஒரு பாயின்டாக்கிவிட்டு எடுங்கள்.

பேஜ்மேக்கரில் இருப்பவர்கள், நம்ம பக்கம் இன்னும் இருக்கிறார்கள், 2001-இல் வந்த 7.0-ஓடு நின்றுபோன மென்பொருள் என்றாலும் பழைய எழுத்துருவும் பழைய கை வேகமும் விடாது, அங்கிருந்து நேராகப் படம் எடுக்க முயற்சி செய்ய வேண்டாம். எழுத்துருவை உள்ளே பதித்து பிடிஎஃப் ஆக்குங்கள், பதிக்காவிட்டால் அடுத்த கணினியில் தமிழ் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகிவிடும். அந்த பிடிஎஃபைப் போட்டோஷாப்பில் திறக்கும்போது வருகிற பெட்டியில் அகலத்தைப் பிக்சலில் கொடுத்து, ஆர்ஜிபி, ஆன்டி-அலியாஸ் வைத்துத் திறந்தால் எழுத்து சுத்தமாக வரும். கோரல்டிராவில் எக்ஸ்போர்ட் பெட்டியிலேயே அகலம் பிக்சலில் கேட்கும், ஆன்டி-அலியாசிங் டிக் மட்டும் மறக்காமல் போடுங்கள்.

போட்டோஷாப்பில் ஷார்ப்பன் தட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. முகங்களுக்கு லேசாகத் தட்டலாம். எழுத்தின் மேல் தட்டாதீர்கள். சுற்றிலும் வெள்ளை வட்டம் விழும், அதை ஜேபெக் பிடித்துக்கொண்டு கொசு மொய்த்த மாதிரி ஆக்கிவிடும்.

அனுப்புகிற இடத்தில் வாட்ஸப்பில் எச்டி என்ற பொத்தான் 2023-இலிருந்து இருக்கிறது, அதைத் தொட்டு அனுப்பச் சொல்லுங்கள். டாக்குமென்டாக அனுப்பினால் துளிகூடக் குறையாது, ஆனால் குரூப்பில் படம் விரிந்து தெரியாது, யாரும் தொட மாட்டார்கள். அதனால் நான் 1080 படத்தைப் போட்டோவாகவும், முழுப் பத்திரிகை பிடிஎஃபை டாக்குமென்டாகவும் சேர்த்து அனுப்புகிறேன். வந்ததை ஃபார்வர்டு செய்தால் அதே ஃபைல்தான் போகும். கேலரியில் இருந்து எடுத்துப் புதிதாக அனுப்பினால் இன்னொரு தடவை நசுங்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் கேட்கவே வேண்டாம். விழா வீட்டில் போன் வைத்திருக்கிற இளவட்டம் யாராவது ஒருவரைப் பிடித்து இதைச் சொல்லிவிடுங்கள்.

கஸ்டமருக்கு அனுப்பும் முன் வீட்டில் இருக்கிற மட்டமான போனுக்கு ஒரு தடவை அனுப்பி, டவுன்லோட் செய்து, விரிக்காமல் கையை நீட்டிப் பாருங்கள். என் வீட்டில் அது அம்மாவின் போன். தேதி, மண்டபம், நம்பர் மூன்றையும் அம்மா சத்தமாகப் படித்துவிட்டால்தான் கஸ்டமருக்கு அனுப்புகிறேன்.